கஜினி முகமது என்று ஒருவர் இருந்தார், ஆனால் நீங்கள் நினைக்கும் ஆள் இல்லை

கேள்வி சுருக்கமாக இது: மத்தியகால முஸ்லிம் ஆட்சியாளர்களைப் பற்றிப் படித்தால், ஒரே ஆள் ஒவ்வொரு நூலிலும் ஒவ்வொரு பெயரில் வருகிறார். ஷிஹாபுத்தீன், முயிஸ்ஸுத்தீன், முகமது கோரி என்பவர்கள் மூவரா, ஒருவரா? உலுக் கான் 1299இல் குஜராத்தில் படை நடத்துகிறார், 1323இல் வாரங்கல்லைப் பிடிக்கிறார், 1260இல் எழுதி முடித்த நூலிலும் இருக்கிறார். இது எப்படி? டெல்லியில் 1325இல் இறந்துபோன சுல்தான் கியாசுத்தீன் அதற்குப் பிறகு மதுரையில் எப்படி ஆண்டார்? யார் யார் என்று கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா?

வழி உண்டு. அதற்குப் போகும் முன் நம் வீட்டுக் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன். நாலு முறை தேர்வில் தோற்றுவிட்டு ஐந்தாவது முறையும் எழுதப் போகிறவனை நம் ஊரில் என்ன சொல்வார்கள்? “கஜினி முகமது மாதிரி படையெடுக்கிறான்” என்பார்கள். பதினேழு முறை படையெடுத்ததாகச் சொல்லப்படும் அந்த மனிதரின் பெயர் முகமது இல்லை, மஹ்மூத். சுபுக்தகீனின் மகன், 998 முதல் 1030 வரை ஆண்டவர். மஹ்மூத், முகமது இரண்டும் புகழ்தல் என்ற பொருளுள்ள ஒரே அரபு வேர்ச்சொல்லில் பிறந்தவைதான். ஆனாலும் இரண்டும் தனித்தனிப் பெயர்கள். ஒரே குடும்பத்தில் அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று இருக்கலாம். இருந்தது. மஹ்மூதின் மகன்களில் ஒருவர் பெயர் முகமது.

அந்த முகமதுவின் கதை பாவம். 1030இல் அப்பா இறந்ததும் கஜினியில் அரியணை ஏறினார். சில மாதங்களுக்குள் சகோதரர் மசூத் படையோடு வந்தார், முகமதுவைப் பிடித்துக் கண்ணைக் குருடாக்கினார்கள். பத்து வருடம் கழித்து, தந்தானகான் போரில் செல்ஜுக் துருக்கியரிடம் தோற்ற மசூத் இந்தியா பக்கம் ஓடிவரும் வழியில் அவருடைய சொந்தப் படையே கலகம் செய்தது. கூடவே கைதியாகக் கொண்டுவந்த பார்வையற்ற முகமதுவையே மறுபடி சுல்தான் ஆக்கியது. அதுவும் நிலைக்கவில்லை. 1041இல் மசூதின் மகன் மௌதூத் அவரைத் தோற்கடித்துக் கொன்றார். ஆக, கஜினி முகமது என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தார். பதினேழு முறை படையெடுத்தவர் மட்டும் அவர் இல்லை.

“துக்ளக் ஆட்சி” என்பதிலும் இதே கோளாறு. தலைநகரை தௌலதாபாத்துக்கு மாற்றியதும், வெள்ளி நாணயத்துக்குப் பதில் பித்தளையும் செம்புமாக அடையாள நாணயம் விட்டதும் முகமது. துக்ளக் என்பது அவருடைய அப்பா பெயர். முகமது பின் துக்ளக் என்றால் துக்ளக்கின் மகன் முகமது, அவ்வளவுதான். மகன் செய்ததற்கு அறுநூறு எழுநூறு வருடமாக அப்பன் பெயர் கெட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த இரண்டு உதாரணங்களிலேயே பாதி விஷயம் வந்துவிட்டது. கஜினி ஊர்ப்பெயர், துக்ளக் அப்பா பெயர். நாம் பெயர் என்று பிடித்துக்கொள்வது பல சமயம் அந்த ஆளின் பெயரே இல்லை. அந்தக் காலத்து ஆட்சியாளரின் முழுப் பெயர் நாலைந்து பெட்டிகள் கோத்த ரயில் மாதிரி. ஒரு நூலாசிரியர் ஒரு பெட்டியைச் சொல்வார், அடுத்தவர் இன்னொரு பெட்டியைச் சொல்வார். ரயில் ஒன்றுதான்.

பெட்டிகளைப் பிரித்துப் பார்க்க ஸலாஹுத்தீன் நல்ல உதாரணம். ஐரோப்பியர் சலாதீன் என்ற அதே ஆள், 1187இல் ஜெருசலேமைப் பிடித்தவர். முழுப் பெயர் இப்படிப் போகும்: அல்-மலிக் அந்-நாசிர் ஸலாஹுத்தீன் அபுல் முஸஃப்பர் யூசுஃப் இப்னு அய்யூப். இதில் பெற்றோர் வைத்த பெயர் யூசுஃப் மட்டும். அரபியில் இதை இஸ்ம் என்பார்கள். இப்னு அய்யூப் என்றால் அய்யூபின் மகன். இதற்குப் பெயர் நசப். நம் இனிஷியல் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது அவர் அ. யூசுஃப். அபுல் முஸஃப்பர் என்பது குன்யா, ‘இன்னாருடைய அப்பா’ என்று மரியாதையாகக் கூப்பிடும் முறை. நம் வீடுகளில் கணவன் பெயரைச் சொல்லாமல் “குமார் அப்பா” என்பார்களே, அந்த மாதிரி. ஆனால் அரசர்கள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. முஸஃப்பர் என்றால் வெற்றி பெற்றவன், அந்தப் பெயரில் பிள்ளை இருந்தாக வேண்டும் என்பதில்லை. வெற்றிக்கே அப்பா என்ற தோரணை அது. ஸலாஹுத்தீன், அதாவது மார்க்கத்தின் சீர்மை, லகப் எனப்படும் சிறப்புப்பெயர். அல்-மலிக் அந்-நாசிர் ஆட்சிப் பட்டம். இதோடு ஊர், குலம், பழைய எஜமானர் இவற்றைக் குறிக்கும் நிஸ்பா ஒன்று சேரலாம்: கோரி, தாமகானி, புந்துக்தாரி என்பதெல்லாம் அந்த வகை.

இப்போது முக்கியமான விஷயம். பெயரில் எந்தப் பகுதி ரொம்பப் பகட்டாக இருக்கிறதோ, ஆளை அடையாளம் காட்டுவதில் அதுதான் மோசம். பட்டங்கள் பொதுச் சொத்து. ஸலாஹுத்தீன் நாசிர் என்ற பட்டத்தோடு ஆண்ட அதே நேரத்தில் பாக்தாத்தில் கலீபாவாக இருந்தவரும் அந்-நாசிர்தான். சரி, பட்டத்தை விட்டுவிட்டு லகபையும் இஸ்மையும் சேர்த்துப் பார்த்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. ஸலாஹுத்தீனின் கொள்ளுப்பேரன் 1236 முதல் அலெப்போவையும் 1250 முதல் டமாஸ்கஸையும் ஆண்டார். அவருடைய பெயரும் அல்-மலிக் அந்-நாசிர் ஸலாஹுத்தீன் யூசுஃப். எழுத்துக்கு எழுத்து அதேதான். பிரித்துக் காட்டுவது எது? கடைசியில் வரும் சாதாரண இனிஷியல். முன்னவர் அய்யூபின் மகன், பின்னவர் அஸீஸ் முகமதுவின் மகன். முன்னவர் 1193இல் டமாஸ்கஸில் நோயில் இறந்தார். பின்னவரை 1260இல் மங்கோலியர்கள் கொன்றார்கள்.

சோழர் கல்வெட்டு வாசிப்பவர்களுக்கு இந்தத் தவிப்பு பழக்கம்தான். கோப்பரகேசரி என்று மட்டும் போட்டு, வேறு எதுவும் சொல்லாத கல்வெட்டு எந்த அரசனுடையது என்று பட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆட்சியாண்டு, ஊர், உடன் வரும் அதிகாரியின் பெயர் என்று சுற்றி வளைத்துத்தான் பிடிக்க வேண்டும். இங்கேயும் அதே வேலைதான்.

அடுத்து ஷிஹாபுத்தீன், முயிஸ்ஸுத்தீன், முகமது கோரி. மூன்றும் ஒரே ஆள்தான், 1192இல் தரைன் போரில் பிருத்விராஜனைத் தோற்கடித்தவர். இளமையில் அவருடைய லகப் ஷிஹாபுத்தீன். அதிகாரம் வளர்ந்த பிறகு முயிஸ்ஸுத்தீன். முகமது இஸ்ம். கோரி என்பது கோர் என்ற மலைநாட்டைக் குறிக்கும் நிஸ்பா. பிற்காலப் பாரசீக வரலாறுகள் சில பழைய லகபையே விடாமல் பிடித்துக்கொண்டன, அதனால்தான் ஷிஹாபுத்தீன் கோரி என்ற பெயர் இன்றும் புழங்குகிறது.

ஆனால் இந்தக் குடும்பத்தில் இனிஷியல் உத்தி பலிக்காது. அவருடைய அண்ணன் கியாசுத்தீன்தான் கோர் அரசின் மூத்த சுல்தான், 1163 முதல் 1203 வரை ஆண்டவர். அவருடைய இஸ்மும் முகமதுதான்! அப்பா பெயர் சாம். நம் முறையில் எழுதினால் இரண்டு பேருமே சா. முகமது. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பெயர் வைத்தால் அம்மா எப்படிக் கூப்பிடுவார் என்று தோன்றுகிறதல்லவா? அந்தக் குடும்பத்தை நெருங்கி அறிந்த வரலாற்றாசிரியர் ஜுஸ்ஜானி இதற்கும் பதில் எழுதிவைத்திருக்கிறார்: வீட்டில் அம்மா ஒருவரை ஹபஷி என்றும் மற்றவரை ஸங்கி என்றும் கூப்பிடுவாராம். இவர்கள் விஷயத்தில் லகப்தான் காப்பாற்றும். அண்ணனும் கியாசுத்தீன் ஆவதற்கு முன் ஷம்சுத்தீனாக இருந்தவர் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இது ஏதோ மலைநாட்டு வழக்கம் என்று நினைக்க வேண்டாம். அப்பாசிய கலிபாக்களில் முதல்வர் ஸஃப்பாஹ், இரண்டாமவர் 762இல் பாக்தாத்தை நிறுவிய மன்சூர். இருவரும் சகோதரர்கள், இருவர் இஸ்மும் அப்துல்லாஹ். அங்கே குன்யா உதவுகிறது. முன்னவர் அபுல் அப்பாஸ், பின்னவர் அபூ ஜஃபர். இப்படி ஒவ்வொரு குடும்பத்துக்கும் சாவி வேறு. எல்லாப் பூட்டையும் ஒரே சாவியால் திறக்கப் போனால் மாட்டிக்கொள்வோம்.

அப்படி நான் மாட்டிக்கொண்டது உலுக் கான் விஷயத்தில். முன்பு குறிப்பு எடுக்கும்போது ஆளுக்கு ஒரு அட்டை போட்டு வைப்பது என் வழக்கம். உலுக் கான் என்று ஓர் அட்டை போட்டு, படிக்கும் நூல்களில் அந்தப் பெயர் வந்த இடத்தையெல்லாம் அதில் எழுதிக்கொண்டே போனேன். ஒருநாள் அட்டையை மேலிருந்து கீழே வாசித்தால், 1301இல் செத்துப்போன மனிதர் 1323இல் வாரங்கல் கோட்டை வாசலில் நிற்கிறார். அட்டையைக் கிழித்து மூன்றாக்க வேண்டியதாயிற்று.

உலுக் என்பது துருக்கிச் சொல், பெரிய என்று பொருள். உலுக் கான் டெல்லி அரசவை கொடுத்த பட்டம், ஆள் பெயர் கிடையாது. முதல் அட்டை பால்பன். சுல்தான் நாசிருத்தீன் மஹ்மூதுக்குத் தன் மகளைக் கட்டிக்கொடுத்து, 1249இல் நாயிப், அதாவது சுல்தானின் பிரதிநிதி என்ற பதவியோடு இந்தப் பட்டத்தையும் வாங்கினார். 1266இல் அவரே சுல்தான் ஆனதும் கியாசுத்தீன் பால்பன் ஆகிவிட்டார். ஜுஸ்ஜானி தன் வரலாற்றை 1260இல் முடித்துவிட்டார். பால்பன் சுல்தான் ஆகப்போவது அவருக்குத் தெரியாது. ஆகவே அந்த நூலில் அவர் கடைசிவரை உலுக் கான்தான். ஒரு நூற்றாண்டு கழித்து எழுதிய பரணி என்ற வரலாற்றாசிரியரிடம் அவரே சுல்தான் கியாசுத்தீன் பால்பன். ஆள் மாறவில்லை, எழுதியவர் நின்ற இடம் மாறியது. அதனால் எந்த நூலைத் திறந்தாலும் இது எந்த வருடம் எழுதி முடிந்தது, அப்போது அரியணையில் யார் இருந்தார் என்று முதலில் பார்த்துவிடுவது என் பழக்கமாகிவிட்டது.

இரண்டாவது அட்டை அல்மாஸ் பேக், அலாவுதீன் கில்ஜியின் தம்பி. 1299இல் நுஸ்ரத் கானோடு குஜராத் மீது போனவர் இவர். 1301இல் ரந்தம்பூர் கோட்டை விழுந்த கொஞ்ச காலத்தில் இறந்துபோனார். மூன்றாவது அட்டை ஜௌனா. அப்பா காஸி மலிக் 1320இல் கியாசுத்தீன் துக்ளக் என்று சுல்தான் ஆனதும் மகன் உலுக் கான் ஆனார், 1323இல் வாரங்கல்லை வென்றார், 1325இல் சுல்தான் முகமது பின் துக்ளக் ஆனார். ஜௌனா என்ற பெயர் அவரோடு போய்விடவில்லை. பிறகு வந்த ஃபிரூஸ் ஷா, அவர் நினைவாக நிறுவிய ஊருக்கு ஜௌன்பூர் என்று பெயர் வைத்தார். சமர்கந்தில் வான் ஆராய்ச்சிக்கூடம் கட்டிய உலுக் பேக்கையும் இங்கேயே சொல்லிவிடலாம். தைமூரின் பேரன். அவருடைய இஸ்ம் முகமது, கூடவே தைமூரின் அப்பா பெயரான தராகாயும். உலுக் பேக், பெரிய பிரபு என்பது அழைத்து அழைத்தே ஒட்டிக்கொண்ட பெயர்.

அலாவுதீன் கில்ஜியே ஒரு சின்னப் புதிர். இளமையில் அவர் அலி குர்ஷாஸ்ப். நாணயங்களில் முகமது ஷா. போதாததற்கு இரண்டாம் அலெக்சாண்டர் என்ற பொருளில் சிக்கந்தர் சானி என்றும் அச்சடித்துக்கொண்டார். நாணயத்தில் முகமது ஷா என்று வாசித்துவிட்டு கில்ஜிகளில் அப்படி ஒருவரும் இல்லையே என்று தேடினால் கிடைக்க மாட்டார்.

அடிமை வீரர்களாக இருந்து எகிப்தின் சுல்தான்களான மம்லூக்குகளிடம் வேறொரு வசதி உண்டு, அதுவே தொல்லையும். அங்கே இன்ன இஸ்முக்கு இன்ன லகப் என்று கிட்டத்தட்ட ஜோடி போட்டு வைத்திருந்தார்கள். யூசுஃப் என்றால் ஸலாஹுத்தீன், முகமது என்றால் நாசிருத்தீன், பைபர்ஸ் என்றால் ருக்னுத்தீன். ஒரு பக்கம் இது லாபம், ஏனென்றால் பாதிப் பெயர் அழிந்த கல்லில் மீதியை ஊகிக்கலாம். மறு பக்கம், லகப் எந்தப் புதுத் தகவலையும் தராது. ருக்னுத்தீன் பைபர்ஸ் என்று இரண்டு சுல்தான்கள். 1260 முதல் 1277 வரை ஆண்ட பெரிய பைபர்ஸ் ஒருவர், 1309இல் ஏறி அடுத்த வருடமே விழுந்தவர் இன்னொருவர். பட்டத்தைப் பார்த்தால் முன்னவர் ஸாஹிர், பின்னவர் முஸஃப்பர். பழைய வேலையைப் பார்த்தால் இன்னும் தெளிவு: முன்னவர் புந்துக்தாரி, அதாவது புந்துக்தார் என்ற அதிகாரியிடம் முதலில் அடிமையாக இருந்தவர். பின்னவர் ஜாஷ்னகீர், சுல்தானின் சாப்பாட்டை ருசி பார்த்துக் கொடுக்கும் பொறுப்பில் இருந்தவர். பெரிய பைபர்ஸ் முதலில் வைத்துக்கொண்ட பட்டம் காஹிர். அது ராசியில்லாத பட்டம் என்று அமைச்சர் சொன்னதால் ஸாஹிர் என்று மாற்றிக்கொண்டார். அப்போதே பெயர் ராசி பார்த்திருக்கிறார்கள்.

அடிமையாக வாங்கிய விலையே பெயரானதும் உண்டு. மம்லூக் சுல்தான் கலாவூனுக்கு அல்-அல்ஃபி என்று ஒரு பெயர். அல்ஃப் என்றால் ஆயிரம், அவரை வாங்கியது ஆயிரம் தீனாருக்கு. 1311இல் மதுரை வரை வந்த மாலிக் காஃபூருக்கு ஹஸார் தீனாரி என்று பெயர். ஹஸார் என்றால் பாரசீகத்தில் ஆயிரம். இருவருக்கும் சம்பந்தம் கிடையாது, சந்தையில் போட்ட விலை மட்டும் ஒன்று.

சரி, நூல்களில் இவ்வளவு குழப்பம் இருந்தால் கல்லையும் நாணயத்தையும் நம்பலாமா? பெரும்பாலும் நம்பலாம். நாணயத்தில் சுல்தானின் லகப், குன்யா, இஸ்ம், பல சமயம் அப்பா பெயர், கூடவே ஊரும் ஹிஜ்ரி எனப்படும் இஸ்லாமிய ஆண்டும் இருக்கும். ஆண்டு கிடைத்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது. ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறக்குறைய நம் ஆண்டு வரும். 656ஐப் போட்டுப் பாருங்கள், 1258 வரும். மங்கோலியர் பாக்தாத்தை அழித்த வருடம். முகமது கோரியின் ஒரு தங்க நாணயத்தில் ஒரு பக்கம் லட்சுமி உட்கார்ந்திருக்கிறாள், மறு பக்கம் நாகரி எழுத்தில் அவர் பெயரும் சாம் என்ற அப்பா பெயரும் இருக்கின்றன. வென்ற நாட்டில் ஏற்கெனவே புழங்கிய காசின் அச்சையே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றிய வேலை. அதில் ஷிஹாபுத்தீனும் இல்லை, முயிஸ்ஸுத்தீனும் இல்லை.

ஆனால் நாணயமும் பொய் சொல்லும். 1258இல் பாக்தாத்தில் கொல்லப்பட்ட கலீபா முஸ்தஃஸிமின் பெயரை டெல்லி சுல்தான்கள் அதற்குப் பிறகும் முப்பது வருடத்துக்கு மேல் காசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். கலீபா பெயர் இருக்கிறதே, அப்படியானால் 1258க்கு முந்தைய காசு என்று முடிவு கட்டினால் தவறு. முகமது பின் துக்ளக் இன்னும் ஒரு படி மேலே போய், தன் பெயரே இல்லாமல் கெய்ரோவில் இருந்த கலீபாவின் பெயரை மட்டும் போட்டுச் சில காசுகள் வெளியிட்டார். அந்தக் காசை மட்டும் வைத்துக்கொண்டு டெல்லியை ஆண்டது யார் என்று சொல்லவே முடியாது.

கல்லில் பொய் சொன்ன கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஜெருசலேமில் இருக்கிறது. பாறைக் குவிமாடத்தின் உள்ளே சுற்றி ஓடும் கண்ணாடிப் பதிகல் எழுத்தில், ‘இந்தக் குவிமாடத்தை அல்லாஹ்வின் அடியாரான அப்துல்லாஹ், இமாம் மஃமூன், விசுவாசிகளின் தலைவர், எழுபத்திரண்டாம் ஆண்டில் கட்டினார்’ என்ற பொருளில் வருகிறது. கணக்குப் போடுங்கள். ஹிஜ்ரி 72 என்றால் 691–692. மஃமூன் கலீபாவாக இருந்தது 813 முதல் 833 வரை. பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு வருடம் முன்பே கட்டடம் கட்டியிருக்கிறார்! நடந்தது இதுதான்: கட்டியவர் உமையா கலீபா அப்துல் மலிக். மஃமூன் காலத்தில் பெயர் இருந்த இடத்தை மட்டும் பெயர்த்து எடுத்துவிட்டு இவர் பெயரைப் பதித்தார்கள். புதுப் பெயர் நீளம், அதனால் எழுத்துகளை நெருக்கி அடைத்திருக்கிறார்கள், கண்ணாடிச் சில்லின் நிறமும் சுற்றியிருப்பதோடு ஒட்டவில்லை. இவ்வளவு செய்தவர்கள் ஆண்டை மாற்ற மறந்துவிட்டார்கள். இதில் அப்துல்லாஹ் என்ற சொல்லையும் கவனியுங்கள். அல்லாஹ்வின் அடிமை என்று எந்த கலீபாவும் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் பணிவுச் சொல் அது. மஃமூனுக்கோ அது இஸ்மும்கூட. பெயரா, அடைமொழியா என்று எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாத இடம்.

அடுத்தவர் காதில் விழுந்து உருமாறிய பெயர்கள் தனி வகை. சிலுவைப் போராளிகள் ஸலாஹுத்தீனை சலாதீன் ஆக்கினார்கள், அவருடைய தம்பி அல்-மலிக் அல்-ஆதில் சைஃபுத்தீனை சஃபாதின் ஆக்கினார்கள். ஸ்பெயின்காரர்கள் எழுதிய மிராமொலின் என்பவரைத் தேடிப் போனால் அப்படி ஒரு பெயரே கிடையாது. அமீருல் முஃமினீன், விசுவாசிகளின் தலைவர் என்ற பட்டம்தான் அது. 1212இல் லாஸ் நாவாஸ் போரில் தோற்ற அல்மொஹத் வம்சத்துக் கலீபா முகமது அந்-நாசிரை அவர்கள் அப்படிக் குறித்தார்கள். கிரனாதாவின் கடைசி அரசர் போவப்தில் வேறு யாருமில்லை, அபூ அப்துல்லாஹ் என்ற குன்யா வாயில் நசுங்கியதுதான். அவர் இஸ்ம் முகமது.

வடஇந்தியச் சமஸ்கிருதக் கல்வெட்டுகளில் அமீர் என்ற சொல் ஹம்மீர ஆனது. சுல்தான் சுரத்ராண ஆனார். விஜயநகர அரசர்கள் இந்துராய சுரத்ராண என்று அதைத் தங்களுக்கே பட்டமாக வைத்துக்கொண்டார்கள். ஹம்மீர கதை இன்னும் சுவையானது. முதலில் முஸ்லிம் தலைவரைக் குறித்த சொல், பிறகு ராஜபுத்திரப் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயராகிவிட்டது. 1301இல் ரந்தம்பூரில் அலாவுதீன் படையை எதிர்த்து மடிந்த சௌகான் அரசனின் பெயர் ஹம்மீர தேவன். கோட்டைக்கு வெளியே உலுக் கான் என்ற பட்டத்தோடு ஒருவர், உள்ளே அமீர் என்ற பட்டமே பெயரான ஒருவர்.

தமிழில் வாசிக்கும் நமக்குக் கூடுதலாக எழுத்துச் சிக்கல். அல்-ஹகம், அல்-ஹாகிம் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிட்ட நூல்களைப் பார்த்திருக்கிறேன். ஹகம் கொர்தோவாவில் பெரிய நூலகம் வைத்திருந்த உமையா கலீபா, 961 முதல் 976 வரை. ஹாகிம் கெய்ரோவின் ஃபாத்திமிய கலீபா, 996 முதல் 1021 வரை. ஹகம் என்பது இஸ்ம், அவருடைய பட்டம் முஸ்தன்சிர். ஹாகிம் என்பது பட்டம், அவருடைய இஸ்ம் மன்சூர். சரி என்று பட்டத்தை வைத்து முஸ்தன்சிரைத் தேடப் போனால் ஹாகிமின் பேரன் வந்து நிற்பார், அவருடைய பட்டமும் முஸ்தன்சிர். பாக்தாத்தில் 1226 முதல் ஆண்ட முஸ்தன்சிர் இவர்கள் இருவரும் அல்லாத மூன்றாமவர். அல்தமஷ் என்றும் இல்துத்மிஷ் என்றும் இரண்டு எழுத்துமுறை பார்த்துக் குழம்ப வேண்டாம், அது ஒரே டெல்லி சுல்தான். பாரசீக எழுத்தில் குறில் உயிர்கள் எழுதப்படாததால் வாசிப்பவர் வாயைப் பொறுத்துப் பெயர் மாறியது. ஆனால் டெல்லியின் குத்புத்தீன் ஐபக்கும் எகிப்தின் இஸ்ஸுத்தீன் ஐபக்கும் வேறு வேறு.

மதம் மாறியதால் பெயர் கூடிக்கொண்டே போனவர்களும் உண்டு. ஈரானை 1304 முதல் 1316 வரை ஆண்ட மங்கோலிய அரசர் ஒல்ஜைத்து குழந்தையாக இருக்கும்போது கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்று நிக்கோலா ஆனார். கர்பந்தா என்றும் ஒரு பெயர் இருந்தது, பாரசீகத்தில் கழுதை மேய்ப்பவன் என்ற பொருள் வரும். இஸ்லாத்தைத் தழுவிய பிறகு முகமது. கர்பந்தாவும் கடவுளின் அடிமை என்ற பொருளில் குதாபந்தா ஆனது. லகப் கியாசுத்தீன். சுல்தானியாவில் அவர் கட்டிய பெரிய குவிமாடம் இன்றும் நிற்கிறது. அதைப் பற்றிப் படிக்கும்போது ஒல்ஜைத்து என்றும் குதாபந்தா என்றும் மாறி மாறி வந்தால் பயப்பட வேண்டாம்.

கியாசுத்தீன் என்றதும் மதுரைக் கேள்விக்கு வந்துவிட்டோம். மார்க்கத்துக்கு உதவி என்ற பொருளுள்ள இந்த லகபை இதுவரை சொன்னவர்களிலேயே கோர் நாட்டு அண்ணன், பால்பன், துக்ளக், ஒல்ஜைத்து என்று நாலு பேர் வைத்திருந்தார்கள். டெல்லி கியாசுத்தீன் துக்ளக் 1325இல் ஆப்கான்பூரில் வரவேற்புக்காகக் கட்டிய மரமண்டபம் சரிந்து இறந்தவர். மதுரைக்காரர் ஐந்தாமவர். துக்ளக்கின் மகன் முகமதுவின் ஆட்சியில், 1330களின் நடுவில் மஃபர் என்று அவர்கள் சொன்ன தமிழ்க் கரைப் பகுதியின் ஆளுநர் ஜலாலுத்தீன் அஹ்சன் பிரிந்துபோய் மதுரையில் சுல்தானாகிவிட்டார். அவருக்குப் பின் அலாவுத்தீன் என்ற லகபோடு ஒருவர், குத்புத்தீன் என்ற லகபோடு ஒருவர். டெல்லியில் கேட்ட பெயர்களே இங்கேயும். இருவரும் சீக்கிரமே கொல்லப்பட்டார்கள். அப்புறம் வந்தவர்தான் இந்தக் கியாசுத்தீன். போசள மன்னர் மூன்றாம் வல்லாளரைக் கொன்று தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டவர்.

இவரை நேரில் பார்த்துப் பழகிய சாட்சி நம்மிடம் இருக்கிறார். மொராக்கோவிலிருந்து வந்த பயணி இப்னு பதூதா இவருக்குச் சகலை முறை. இருவரும் ஜலாலுத்தீன் அஹ்சனின் மகள்களைக் கட்டியவர்கள். பழைய சங்கதி தெரிந்த உறவுக்காரர் என்பதால் ஒரு விஷயத்தைச் சேர்த்தே எழுதிவிட்டார்: ஆட்சிக்கு வருவதற்கு முன் இவர் பெயர் சிராஜுத்தீன், அரியணை ஏறியதும் கியாசுத்தீன் என்று வைத்துக்கொண்டார். கூடவே தாமகானி என்ற நிஸ்பாவும் தருகிறார், ஈரானில் உள்ள தாமகான் என்ற ஊரை வைத்து. உங்கள் குறிப்பில் மதுரை என்ற ஊரும் 1340களின் வருடமும் இருந்தால் இவரையே எழுதிக்கொள்ளுங்கள்: கியாசுத்தீன் தாமகானி, முன்பு சிராஜுத்தீன். குறிப்பில் ஊரும் வருடமும் இல்லாமல் சுல்தான் கியாசுத்தீன் என்று மட்டும் இருந்தால், அதை எந்த அட்டையிலும் சேர்க்காமல் தனியாக வைத்திருங்கள்.